வலையில் அறுத்த ஈயம்

தூக்கும்போதே தெரிந்துவிட்டது. கை ஒரு பாரத்துக்குத் தயாராகிப் போயிருந்தது. வந்தது வெறும் நூல்.

என் கணவர் சிவலிங்கத்தின் வீச்சு வலை அது. அண்ணன் வீட்டுக் கொட்டிலின் மூலையில் உரச் சாக்கொன்றுக்குள் சுருட்டி வைத்திருந்தேன். மாதத்தில் ஒரு தடவை வெளியே எடுத்து உதறி, எலி கடித்திருக்கிறதா என்று பார்த்துத் திரும்ப வைப்பேன். அன்றைக்கும் அதற்காகத்தான் எடுத்தேன். விளிம்பைச் சுற்றிக் கோத்திருந்த ஈய மணிகளில் ஒன்றுகூட இல்லை. அவசரத்தில் பிய்த்ததும் இல்லை. ஒவ்வொரு முடிச்சாகப் பார்த்து, கத்தியால் நிதானமாக அறுத்த வேலை.

அடுப்படிப் பக்கம் 'சுர், சுர்' என்று ஒரு சத்தம். போய்ப் பார்த்தேன். அண்ணன் குந்தியிருந்து, பால் தகரப் பேணியில் உருக்கிய ஈயத்தை, ஆணியால் துளையிட்ட இன்னொரு பேணிக்குள் ஊற்றிக்கொண்டிருந்தான். கீழே ஒரு வாளி தண்ணீர். விழுந்த ஒவ்வொரு சொட்டும் துவக்கில் போட்டுச் சுடும் சன்னக் குண்டாக உருண்டு அடியில் கிடந்தது.

"ஆருட ஈயம் அது?"

அவன் தலையைத் தூக்கவில்லை. "வலை சும்மாதானே கிடக்கு புள்ள. ஈயம் இப்ப எங்கயும் எடுக்க ஏலா. உனக்குத் தெரியும்தானே."

நான் வாளியைக் காலால் உதைத்தேன். தண்ணீர் மணலில் வற்றிப்போனது. சன்னம் முழுக்கச் சாம்பலிலும் கோழி எச்சத்திலும் சிதறிக் கிடந்தது. மத்தியானம் வரைக்கும் அவன் குந்தியிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினான். அன்றிலிருந்து நான் அவனோடு பேசுவதை நிறுத்தினேன்.

அண்ணனை 'அவர்' என்று எழுதினால் மரியாதையாக இருக்கும் என்று இந்தத் தொடர் வரும் பத்திரிகையில் சொன்னார்கள். எனக்கு அது வராது. தங்கராசா என்னைவிட ஒன்றரை வயதுதான் மூப்பு. அவனுக்கு அடித்திருக்கிறேன், அவனிடம் அடி வாங்கியும் இருக்கிறேன்.

புது வலை

கடல் ஊருக்குள் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் செட்டிபாளையம் பெரிய வீதிக் கடையில் நின்றேன். மிளகாய்த்தூள் வாங்கப் போனவள். என் கணவர் கரைவலை இழுக்கப் போயிருந்தார். அந்தக் காலையைப் பற்றி இந்தத் தொடரில் முன்னரே எழுதிவிட்டேன். மறுபடி எழுத எனக்குப் பலமில்லை. அவர் கிடைக்கவில்லை. வீடு கிடைக்கவில்லை. மூன்றாம் நாள், தாழம் பற்றைக்குள் அவருடைய வீச்சு வலை கிடைத்தது. முள்ளில் சிக்கியதை அறுக்காமல் எடுக்க எனக்கு ஒரு பகல் போனது. கையெல்லாம் கிழிந்தது.

பிறகு நிவாரணக்காரர்கள் வந்தார்கள். எல்லாரையும் வரிசையில் நிறுத்தி, மீனவக் குடும்பம் என்று என் பெயரைக் கூப்பிட்டு, ஒரு புது வலையைக் கையில் தந்தார்கள். நீல நிறம். கடலுக்குப் போகிறவன் போய்விட்டான், எனக்கு வலை. சிரிக்கச் சொல்லிப் படமும் எடுத்தார்கள். அந்தப் படத்தை எங்கே ஒட்டினார்களோ தெரியாது. வலையை அடுத்த நாளே விற்றேன்.

கடலிலிருந்து இத்தனை மீற்றருக்குள் வீடு கட்டக் கூடாது என்று கயிறு பிடித்து அளந்தார்கள். வீடு இருந்த என் வளவு கயிற்றுக்கு உள்ளே வந்தது. கடல் வந்தபோது அளக்க ஒருவரும் இல்லை. அது போனபிறகு எல்லாருக்கும் அளவு தெரிந்திருந்தது.

அதன்பின் படுவான்கரையில் சண்டை மூண்டது. வாவிக்கு மேற்குப் பக்கத்தைத்தான் அப்படிச் சொல்வோம். அங்கே வயல் செய்த அண்ணனும் அவன் பெண்சாதி யோகம் மச்சாளும் உடுத்த உடுப்போடு வாவியைக் கடந்து என் தகரக் கொட்டிலுக்கு வந்தார்கள். சண்டை ஓய்ந்து அவர்களைத் திரும்ப அனுப்பியபோது, வளவில்லாத நானும் கூடப் போனேன். கையில் ஒரு பெட்டியும் அந்த வலைச் சாக்கும்.

முயலுக்குப் படிவம் இல்லை

வயல்வெளியை வட்டை என்போம். போய்ப் பார்த்தால் வட்டை, வட்டையாக இருக்கவில்லை. ஆள் உயரத்துக்குப் பற்றை. வரம்பு முழுக்க அகழான் எலி தோண்டிய பொந்து. நாங்கள் இல்லாத காலத்தில் முயலும் மரநாயும் கிளியும் குடியேறிப் பெருகியிருந்தன. கச்சான், அதாவது நிலக்கடலை, விதைத்தால் முளைக்கும் முன்னமே அகழான் கிண்டித் தின்றது. முளைத்ததை முயல் நறுக்கியது. வாழ்வாதாரம் என்று தந்த கோழிக்குஞ்சுகளைக் கீரி பட்டப்பகலில் வந்து ஒவ்வொன்றாகக் கொண்டுபோனது.

நான் ஒரு அரசாங்கக் கந்தோருக்குப் போய் முறைப்பாடு சொன்னேன். யானை அடித்ததா என்று கேட்டார் அங்கே இருந்தவர். இல்லை, முயல் என்றேன்.

"முயலுக்குப் படிவம் இல்ல அம்மா. யானைக்குத்தான் இரிக்கு."

திரும்பி வரும்போது இரண்டு யானை வெடி தந்துவிட்டார். பற்றவைத்து எறிகிற பெரிய பட்டாசு அது. முயலுக்கு எறிந்து பார்த்தோம். அது காதை ஆட்டிவிட்டுத் தின்றது.

அந்தக் கிழமைதான் அண்ணன் மருத மரத்தடியில் புதைத்து வைத்திருந்த இடியன் துவக்கைத் தோண்டி எடுத்தான். எண்ணெய்ச் சாக்கில் சுற்றியிருந்தது. துவக்கு வைத்திருக்கிறவர்கள் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும் என்று ஆமிக்காரர் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லிப் போயிருந்தார்கள்.

"குடுத்தா, இவ்வளவு நாளும் ஏன் வச்சிரிந்த எண்டு கேப்பான். குடுக்காட்டி, ஏன் குடுக்கல்ல எண்டு கேப்பான்" என்றான் அண்ணன். "ரெண்டுக்கும் அடி ஒண்டுதான். துவக்கு இரிந்தா கச்சானாவது மிஞ்சும்."

எனக்கும் அந்த முயல்கள்மேல் அப்படியொரு கோபம். கடலை என்னால் சுட முடியாதே.

ஆறு விரல், மூன்று விரல்

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இடியனுக்கு எல்லாமே வாய்வழியாகத்தான். முதலில் வெடிமருந்து. அதன்மேல் தேங்காய்த் தும்பு வைத்து இரும்புக் கம்பியால் இடிக்க வேண்டும். பிறகு சன்னம், அதன்மேல் மறுபடி தும்பு. கடைசியாகப் பின்பக்கத்தில், அடிபட்டால் பொறி விடும் ஒரு சின்னக் கேப்பு. உள்ளே போட்டது எவ்வளவு என்பதைக் கம்பி சொல்லும். வெறும் குழாய்க்குள் விட்டால் கம்பி வாய்மட்டத்துக்கு இறங்கி அடியில் 'டிங்' என்று தட்டும். போடப் போட அது வெளியே தலை நீட்டும். அதை விரல் வைத்து அளப்பார்கள். மருந்துமேல் மருந்து விழுந்தால் குழாயே வெடித்துவிடும்.

அண்ணனுக்கு எல்லாவற்றுக்கும் ஆறு விரல். காட்டுப் பண்டிக்கும் அதுதான், அகழானுக்கும் அதுதான். சன்னமும் பட்டாணி போல பெரியது. அவன் சுட்ட முதல் முயலை நான்தான் உரித்தேன். உரிக்க ஒன்றும் இருக்கவில்லை. தோலும் எலும்பும் குடலும் ஒன்றாகக் குழைந்திருந்தன. நாய்க்குப் போட்டேன்.

"சின்னச் சாமானுக்கு மருந்தக் குறை அண்ணன். சன்னத்தயும் கடுகு போல ஊத்து" என்று சொல்லிப் பார்த்தேன்.

"குறைச்சா அது நோவோட ஓடிப்போகும்."

"கூட்டினா மட்டும்? சன்னம் சிதறி நாலாபக்கமும் போகுது, நடுவால முயல் ஓடுது. நான் நேத்துப் பாத்தன்."

"நீ கறியக் காய்ச்சு."

சத்தம்தான் என் பெரிய பயம். பின்னேரங்களில் வட்டை முழுக்க யானை வெடி கேட்கும். அது வெட்டினாற்போல ஒரு சத்தம். மூன்று விரல் மருந்துக்கு இடியனும் கிட்டத்தட்ட அப்படித்தான் வெடிக்கும், ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். ஆறு விரல் போட்டால் அது இழுத்து முழங்கும், வாவியில் பட்டுத் திரும்பி வரும். ஆமி முகாமில் இருக்கிறவனுக்கு அந்த வித்தியாசம் தெரியாதா? அண்ணனுக்கு இது விளங்கவில்லை, விளங்கினாலும் என் வாயால் வந்ததால் ஏற்கவில்லை.

ஒருநாள் அவன் கடைக்குப் போன நேரம், மூன்று விரலும் பழைய போத்தலில் கிடந்த கடுகளவுச் சன்னமும் போட்டு நான் சுட்டேன். இருபதடியில் குந்தியிருந்த முயல் அப்படியே சரிந்தது. தலையிலும் கழுத்திலும் மட்டும் சின்னச் சின்னப் பொட்டு. அன்று வீட்டில் நல்ல கறி. அண்ணன் இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டான். யார் சுட்டது என்று கேட்கவில்லை. அடுத்த நாள் பார்த்தேன், திரும்ப ஆறு விரல்.

பெரிய சன்னம் தீர்ந்ததும்தான் அவன் கத்தியை எடுத்துக்கொண்டு வலையிடம் போனான்.

கம்பி தட்டாத பின்னேரம்

பேசாமல் எட்டு நாள் போனது. ஒரு முற்றம், ஒரு அடுப்பு, மூன்று பேர். சோற்றைப் போட்டுக் கோப்பையை அவன் முன்னால் தள்ளிவிட்டுப் போவேன். யோகம் மச்சாள் இரண்டு பக்கமும் செய்தி கொண்டு ஓடினாள்.

"மச்சாள், ஒரு வார்த்தை பேசுங்களன். அவர் சோறு இறங்காமத் திரியிறார்" என்றாள்.

"மன்னிப்புக் கேக்கச் சொல்லுங்க" என்றேன்.

அவன் கேட்கவில்லை. மச்சானுடைய வலையில் தனக்கும் உரிமை உண்டு என்று சொல்லி அனுப்பினான்.

ஒன்பதாம் நாள் மத்தியானம் கீரி வந்தது. நான் துவக்குக்குச் சின்ன மருந்து போட்டு இடித்து, கேப்பு வைத்து, குறி பார்ப்பதற்குள் அது பற்றைக்குள் பாய்ந்துவிட்டது. கேப்பை மட்டும் கழற்றிவிட்டு, துவக்கை அடுப்படி மூலையில் சாத்தினேன். உள்ளே மருந்தும் சன்னமும் கிடந்தன. வெளியே பார்க்கிறவனுக்கு வெறும் துவக்கு.

வெயில் தாழ்ந்த நேரம் அண்ணன் சாப்பிட வந்தான். கோப்பையை வழக்கம்போலத் தள்ளினேன். அவன் அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், கோப்பையை ஒதுக்கிவிட்டு எழும்பிப் போய்த் துவக்கை எடுத்தான்.

நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். எங்களுக்கிடையில் நாலு முழம் இருக்கும்.

அண்ணன் எப்போதும் முதலில் வெறும் கம்பியை உள்ளே விட்டுப் பார்ப்பான். அந்த 'டிங்' சத்தம் வந்தபிறகுதான் மருந்து. எத்தனை அவசரத்திலும் அதை விட்டதில்லை. அன்றைக்கு நான் சுளகைத் தட்டுவதை நிறுத்திவிட்டு அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். கம்பி 'டிங்' என்று தட்டாது, மொத்தென்று நிற்கும், அவனுக்கே விளங்கும், நான் வாய் திறக்கத் தேவையில்லை என்று நினைத்தேன்.

அவன் கம்பியை விடவில்லை. கோபத்தில் மருந்தைக் கையால் அள்ளி வார்த்தான், தும்பைத் திணித்தான், இடித்தான். விரல் வைத்தும் பார்க்கவில்லை. சன்னத்தைக் கொட்டி மறுபடி இடித்துவிட்டு நடந்தான்.

அந்தக் கணத்தில் நான் கூப்பிட்டேன், அவனுக்குக் கேட்கவில்லை என்று ஊரில் எல்லாருக்கும் சொல்லியிருக்கிறேன். யோகம் மச்சாளுக்கும் அப்படித்தான் சொன்னேன். அது பொய். எழும்பினேன். வேலிப் படலை வரைக்கும் போனேன். அவன் வரம்பில் போவது தெரிந்தது. 'அண்ணன்' என்று ஒரு சொல் போதும். எட்டு நாளாக வாயில் எடுக்காத சொல். நான்தானா முதலில் எடுக்க வேண்டும் என்று ஒரு வீறாப்பு. அதோடுதான் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சத்தம் யானை வெடி மாதிரியும் இல்லை, துவக்கு மாதிரியும் இல்லை.

பாதை

அண்ணன் இடக்கையன். சோறு தின்பது மட்டும்தான் வலக்கையால். ஆகவே குழாயைத் தாங்கிப் பிடித்திருந்தது வலது கை. நான் ஓடிப்போனபோது அவன் வரம்பில் குந்தியிருந்து அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மூன்று விரல் இருக்கவில்லை. முகம் ஒரு பக்கம் கரி.

யோகம் மச்சாள் கத்தவில்லை. உடைந்த துவக்கைச் சாக்கில் சுற்றிக்கொண்டு வாவிப் பக்கம் போனாள். போகும்போது ஒரே ஒரு சொல்தான் சொன்னாள். "யானை வெடி."

வாவியைக் கடக்க எங்களுக்கு இருந்தது பாதை. பலகை அடித்த பெரிய தெப்பத்தை அப்படித்தான் சொல்வோம். கடைசிப் பாதை புறப்படப் போகிற நேரம். துறையில் நின்ற ஆமிக்காரன் மறித்தான்.

"கை என்ன?"

"அலி வெடி, மாத்தயா" என்றேன். 'யானை வெடி, ஐயா' என்று சொல்ல எனக்குத் தெரிந்த சிங்களம் அவ்வளவுதான்.

அவன் அடையாள அட்டை கேட்டான். கொப்பியில் பெயரை ஒவ்வொரு எழுத்தாக எழுதினான். முகாம் பெரியவரைக் கூப்பிட ஆள் அனுப்பினான். சாரத்தால் சுற்றிய கையிலிருந்து பலகையில் சொட்டிக்கொண்டே இருந்தது. பெரியவர் வந்து அண்ணனுடைய முகத்தருகே குனிந்து, துவக்கு மருந்து மணக்கிறதா என்று மணந்து பார்த்தார். பிறகு கட்டை அவிழ்க்கச் சொன்னார்.

எனக்குள் பயம் முழுக்க எரிந்து போய்விட்டது. கரையில் அளந்தவன், படம் எடுத்தவன், படிவம் இல்லை என்றவன், எல்லாருக்கும் சேர்த்து இவர் முன்னால் நின்றார். நான் சாரத்தை முழுதாக அவிழ்த்தேன். அண்ணனுடைய கையை என் கையால் தூக்கி அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

"பாருங்க. வடிவாப் பாருங்க" என்றேன்.

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். போகச் சொல்லிக் கையால் காட்டினார்.

பாதையில் அண்ணன் என் தோளில் சாய்ந்திருந்தான். பாதித் தூரம் போனபின் கேட்டான். "துவக்கு?"

"மச்சாள் பாத்துக்கொள்ளுவா."

எட்டு நாளுக்குப் பிறகு நாங்கள் பேசியது அது.

அண்ணன் சொன்ன திருத்தம்

இந்த அத்தியாயத்தை எழுதப் போவதாகப் போன கிழமை அவனிடம் சொன்னேன். இப்போதும் வயல் செய்கிறான். வலக்கையில் மிஞ்சிய இரண்டு விரலாலும் களை பிடுங்கப் பழகிவிட்டான். யுத்தம் முடிந்தது என்று வீதியில் வெடி கொளுத்தி, பாற்சோறு கொடுத்த அன்றைக்கு, அந்தச் சத்தத்துக்கு அவன் வீட்டுக்குள் போய்க் கட்டிலடியில் குந்தியிருந்தான். அதை எழுதாதே என்றான். எழுதிவிட்டேன்.

"துவக்கு துருப்பிடிச்சது எண்டு எழுது" என்றான். "மண்ணுக்குள்ள கிடந்த சாமான்தானே. ஆரு கேக்கப்போறா."

"துருப்பிடிக்கல்ல. எண்ணெய் போட்டு வச்சிரிந்தாய்."

"உனக்காகத்தான் சொல்லுறன்."

"எனக்காக ஒண்டும் சொல்லாத" என்றேன். எழும்பிப் போய்விட்டான்.

நாலாம் நாள்

ஆஸ்பத்திரியில் அந்த டொக்டர் சின்ன வயசு. அண்ணனுடைய உள்ளங்கையிலிருந்து இரும்புத் துண்டொன்றை இடுக்கியால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"யானை வெடிக்கு இரும்புக் குழாய் வைக்கிறதில்லையே அம்மா" என்றார், மெதுவாக.

அவர் துண்டைத் தட்டில் போட்டுவிட்டு, 'யானை வெடி' என்றே எழுதினார். அவரை நான் பிறகு காணவில்லை. நன்றி சொல்லும் நிலையிலும் அன்று நான் இருக்கவில்லை.

நாலாம் நாள் அண்ணனுக்குக் காய்ச்சல் விட்டது. மத்தியானம் சோறு கொண்டுபோனேன். கண்ணை மூடிக் கிடந்தவன், என் காலடிச் சத்தம் கேட்டு, கண் திறக்காமலே கேட்டான்.

"அதுக்குள்ள முதலே மருந்து இரிந்த, என்ன?"

"ஓம்."

"நான் போடுறத நீ பாத்துக்கொண்டு இரிந்தாய்."

"ஓம்."

பக்கத்துக் கட்டிலில் ஒருவர் இருமினார். அண்ணன் அது முடியும்வரைக்கும் காத்திருந்தான்.

"கம்பி விட்டுப் பாப்பாய் எண்டு நினைச்சன்" என்றேன்.

"அது மட்டுமா?"

"இல்ல."

அவன் கண்ணைத் திறந்தான். கட்டுப் போட்ட கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு மேலே முகட்டைப் பார்த்தான். திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டினால் நானும் திட்டலாம்.

"வலையக் கேட்டிரிந்தா தந்திரிப்பியா?"

"இல்ல."

"அதான் கேக்கல்ல."

அந்தக் கட்டிலோடு அவனைக் கவிழ்த்துவிடலாம் போல இருந்தது எனக்கு. சோற்றுப் பெட்டியைத் திறந்தேன். புளியாணத்தை ஊற்றிப் பிசைந்தேன். பிசைந்து முடிந்தும் பிசைந்துகொண்டே இருந்தேன். அவன் இடது கையை நீட்டினான், பிறகு அந்தக் கையால் தின்ன மனமில்லாமல் இழுத்துக்கொண்டான்.

நான் ஒரு பிடி உருட்டி அவன் வாய்க்கு நேரே கொண்டுபோனேன். அவன் என்னைப் பார்த்துக்கொண்டே வாயைத் திறந்தான். மென்றான்.

"உப்புக் காணா" என்றான்.

"தின்" என்றேன். அடுத்த பிடியை உருட்டினேன்.